வேடத்தைக் கலைத்தாயா?

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் என் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மகள் வழிப் பேரன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கமல்ஹாசன் என்றால் அவனுக்கு உயிர். 2022-இல் வெளிவந்த 'விக்ரம்' படத்தைப் பார்த்த நாள் முதல் பிடித்த பித்து அது. புதிய படங்களையெல்லாம் முடித்துவிட்டுப் பழைய படங்களைத் தேடத் தொடங்கியவன், அன்று மதியம் தன் கைபேசியில் 'சிகப்பு ரோஜாக்கள்' பார்த்து முடித்துவிட்டு, வியப்பு அடங்காதவனாய் நான் உட்கார்ந்திருந்த திண்ணைக்கு வந்தான்.

"தாத்தா, இந்த மனிதர் எப்படி இப்படி மாறினார்? '16 வயதினிலே' சப்பாணியும் இவரும் ஒரே ஆள் என்றால் நம்பவே முடியவில்லையே! நீங்கள் இதைத் தியேட்டரிலேயே பார்த்திருப்பீர்கள், இல்லையா?"

நான் வாய் திறப்பதற்குள், முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த என் தங்கை உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "பார்த்ததோடு விட்டாரா உன் தாத்தா? அந்தப் படத்தை எங்கள் தெருவுக்கே கூட்டிக்கொண்டு வந்தவர் அவர்!"

பேரன் சிரித்தான், பாட்டி வேடிக்கை பேசுகிறாள் என்று எண்ணிக்கொண்டான். அவள் குரலில் கோபம் இல்லைதான். ஆனால் அது வேடிக்கையும் அன்று என்பதை அந்த வீட்டில் நான் ஒருவனே அறிவேன்.

அன்று மாலை அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை. எனினும், வளர்ந்த பிள்ளைகள் உள்ள இல்லங்களுக்கு இது பயன்படக்கூடும் என்று என் மனம் சொல்லுகிறது.

அது 1978-ஆம் ஆண்டு. பாளையங்கோட்டையில் கல்லூரி முதலாண்டில் அடியெடுத்து வைத்திருந்தேன். வயது பதினெட்டு. அப்பா தையற்காரர், கடைத் தெருவில் ஓர் ஒற்றையறைக் கடை வைத்திருந்தார். தங்கை பத்தாம் வகுப்பு மாணவி. எனக்கு உயிர் நண்பர்கள் நால்வர். எங்கள் ஐவருக்கும் ஒரே நாயகர் கமல்ஹாசன்தான். எங்கள் தந்தையர் தலைமுறை சிவாஜி பக்கம் பாதியும் எம்.ஜி.ஆர். பக்கம் பாதியுமாகப் பிரிந்து நின்றது. எம்.ஜி.ஆர். 1977-இல் முதலமைச்சராகவே ஆகிவிட்டார். நாங்களோ எங்களுக்கென்று ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். 1960-இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் சிறுவனாக வந்து தாய்மாரின் கண்களைக் குளமாக்கியவர், எங்களைவிட ஆறே வயது மூத்த இளைஞராக எங்கள் எதிரே வந்து நின்றபோது, அவரை எங்கள் வீட்டு அண்ணனாகவே ஏற்றுக்கொண்டோம்.

முந்தைய ஆண்டுதான் பாரதிராஜா என்ற புதிய இயக்குநரின் '16 வயதினிலே' வந்திருந்தது. அழகிய காதலனாகவே நாங்கள் கண்டு பழகிய நாயகர், அதில் கோவணமும் வெற்றிலைக் கறை படிந்த வாயும் சாய்ந்த தலையும் இழுத்து இழுத்து வைக்கும் காலுமாகச் சப்பாணியாய் வந்தார். உடம்பு முழுவதையும் உருமாற்றிக்கொண்ட நடிப்பு அது. படம் பார்த்து வந்த பின்னர் ஒரு மாதம் நாங்கள் ஐவரும் தெருவில் காலை இழுத்து நடந்தோம். அதைக் கண்டு அம்மா திட்டினாள். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அதனால் யாருக்கும் ஒரு கேடும் விளையவில்லை.

அடுத்த ஆண்டு, 1978 அக்டோபர் இறுதியில், அதே பாரதிராஜாவின் இயக்கத்தில், இளையராஜாவின் இசையோடு 'சிகப்பு ரோஜாக்கள்' வெளிவந்தது. கிராமத்து மண்ணை மட்டுமே இவருக்குப் படமெடுக்கத் தெரியும் என்று சொன்னவர்களுக்கு விடை சொல்வதுபோல், முழுக்க முழுக்க நகரத்து மாளிகைகளில் நிகழும் கொலைக் கதை. நாயகன் செல்வந்தன், இனிமையாகப் பேசுகிறவன், பெண்களை நயமாக அழைத்து வந்து கொன்று, தன் வீட்டு ரோஜாத் தோட்டத்தில் புதைப்பவன். துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் அவனை நம்பி மணந்துகொள்கிறாள். மணந்த பின்னரே அவள் தான் நுழைந்திருப்பது எந்த வீடு என்று அறிகிறாள்.

திருநெல்வேலிச் சந்திப்பில் நாங்கள் அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தோம். இரண்டாம் ஆட்டம் முடிந்து பேருந்து இல்லாமல், தாமிரபரணிப் பாலத்தின் மேல் நடந்தே வீடு திரும்பிய இரவுகளில் எங்களுக்கு ஒரே பேச்சுத்தான். "எப்படி மாறிவிட்டார் பார்த்தாயா?"

இன்று அமைதியாக எண்ணிப் பார்க்கும்போதும், அந்த வியப்பில் தவறில்லை என்றே சொல்வேன். சப்பாணிக்கு உடம்பை மாற்றிக்கொண்டவர், இந்தக் கதாபாத்திரத்துக்கு உடம்பில் ஒன்றையுமே மாற்றவில்லை. அதே அழகிய முகம், வாரிய முடி, அகன்ற காலர் வைத்த சட்டை, அதே மென்மையான சிரிப்பு. மாறியதெல்லாம் கண்களுக்குப் பின்னால் இருந்த ஏதோ ஒன்று. எந்தச் சிரிப்புக்காக நாங்கள் அவரை விரும்பினோமோ, அந்தச் சிரிப்பையே எடுத்து அச்சமூட்டும் கருவியாக்கிவிட்டார். பின்னர் 1980-இல் பாரதிராஜா இந்தக் கதையை 'ரெட் ரோஸ்' என்று இந்தியில் எடுத்தபோது, காதல் நாயகராகவே நாடு முழுவதும் கொண்டாடிய ராஜேஷ் கன்னாவை அந்த வேடத்துக்குத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். மக்கள் வெறுக்கும் முகம் ஒன்று கொலை செய்தால் அதில் அதிர்ச்சி இல்லை. மக்கள் நேசிக்கும் முகம் அதைச் செய்யும்போதுதான் நெஞ்சு பதறுகிறது.

ஆனால் எங்கள் நெஞ்சு பதறவில்லை. நாங்கள் கைதட்டினோம்.

அப்பாவிடம் ஒரு சட்டைத் துணியைக் கொடுத்து, "படத்தில் வருவது போலவே காலர் வேண்டும்" என்றேன். அவர் மறுக்கவில்லை. சினிமாவைப் பகைத்தவர் அல்லர் அவர். சிவாஜி கணேசன் 1954-இல் 'அந்த நாள்' படத்தில் தாய்நாட்டையே விற்கத் துணிந்த வானொலிப் பொறியாளராக நடித்ததை, அந்தப் படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லாததை, இளமையில் தாம் அதைப் பார்த்துத் திகைத்ததை எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் கேட்டபடியே காலரைத் தைத்துக் கொடுத்துவிட்டு, "சட்டை நன்றாக இருக்கிறது. சட்டைக்குள் இருப்பவனும் நன்றாக இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தப் படத்தின் பின்கதையில், வெறி பிடித்த ஒரு சிறுவன் கத்தும் வசனம் ஒன்று வரும். பெண்களே இப்படித்தான், அவளைக் குத்துங்கள் என்ற பொருளில் அமைந்தது. அந்தக் காலத்து இளைஞர்கள் எவருக்கும் அதை நினைவூட்ட வேண்டியதில்லை. தேநீர்க் கடையிலும் பேருந்திலும் கல்லூரி வாயிலிலும் அது ஒரு விளையாட்டுச் சொல்லாகிவிட்டது. ஒரு பெண் தெருவில் வந்தால் போதும், யாராவது ஒருவன் அதைச் சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒரு நோயாளியின் மனத்தில் உருவான நஞ்சு என்று காட்டுவதற்காகக் கதையில் வைக்கப்பட்ட சொல்லை, நாங்கள் தெரு முனையில் மிட்டாயைப் போல வாயில் போட்டுச் சுவைத்துக்கொண்டிருந்தோம்.

நவம்பர் கடைசியில் ஒரு மாலை. மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. பள்ளியில் தனிவகுப்பு முடிந்து தாவணி அணிந்த ஏழெட்டு மாணவியர் குடைகளோடு எங்கள் தெருவுக்குள் திரும்பினார்கள். எங்களில் ஒருவன் வழக்கம்போல் அந்த வசனத்தைச் சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஓர் ஆசை: வசனம் யாரும் சொல்லலாம், நடிப்பை நான் காட்டுகிறேன் என்று. நண்பனின் கையிலிருந்த மர அடிக்கோலைப் பிடுங்கிக் கத்தியைப்போலப் பிடித்துக்கொண்டேன். முகத்தில் அந்தச் சிரிப்பு, கண்களில் அந்தப் பார்வை. திரையில் கண்டதுபோலவே, மிக மெதுவாக, ஒரு சொல்லும் பேசாமல், அந்தப் பெண்களை நோக்கி நடந்தேன்.

நன்றாகவே நடித்திருக்க வேண்டும். ஏனெனில் அவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள்.

ஒருத்தி மட்டும் ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். டிபன் டப்பா உருண்டு சாக்கடைக்குள் போனது. புத்தகங்கள் சேற்றில் சிதறின. முழங்காலில் பாவாடையின்மீது இரத்தம் படர்ந்தது. அவளைத் தூக்கிவிடக் குனிந்த இன்னொருத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் என் தங்கை.

என் பின்னால் நண்பர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

தங்கை வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, இரவு கடை கட்டும் நேரத்தில், விழுந்த பெண்ணின் தந்தை அப்பாவின் கடைக்கு வந்தார். நான் உள்ளே பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை.

"அண்ணாச்சி, என் மகளுக்குச் சீருடை தைக்கத் துணி கொடுத்திருந்தேனே, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இனி அது தேவைப்படாது" என்றார்.

அப்பா திகைத்து, "ஏன் அண்ணாச்சி? பரீட்சைக்கு இன்னும் நான்கு மாதந்தானே இருக்கிறது?" என்று கேட்டார்.

"படித்தவரை போதும். எனக்கு மூன்று பெண்கள். தெருவில் கத்தி காட்டி விரட்டுகிற காலத்தில் நான் யாரை நம்பி அனுப்புவது?" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமலேயே, "உங்கள் தம்பியைக் கேளுங்கள், சொல்லுவான்" என்று முடித்தார்.

வெட்டாமல் மடித்து வைத்திருந்த அந்தத் துணியை அப்பா இரண்டு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார். அவர் கைகள் நடுங்கியதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

அப்பா என்னை அடிக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, நடந்து போகும்போது பேசத் தொடங்கினார்.

அவருடைய சொந்த ஊரில் ஆண்டுதோறும் உயிர்ப்புப் பெருவிழாவையொட்டிப் பாஸ்கா நடக்கும். நம்முடைய ஊர்ப் பாஸ்காவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. அதில் யூதாசாக நடிக்க யாரும் முன்வராமையால், அப்பா இளைஞராக இருந்தபோது எட்டு ஆண்டுகள் அந்த வேடத்தை ஏற்றார். முப்பது வெள்ளிக்காசை எண்ணி வாங்கும் காட்சியில் அவர் சிரிக்கும் சிரிப்பைக் கண்டு, பாட்டிமார் மேடையை நோக்கி மண்ணை வாரித் தூற்றுவார்களாம். அதைத்தான் அவர் தம் நடிப்புக்குக் கிடைத்த பரிசாகக் கருதினார்.

"ஆனால் தம்பி," என்று நின்றார் அப்பா, "ஒவ்வோர் ஆண்டும் அன்றிரவு உன் பாட்டி கொல்லைப்புறத்தில் ஓர் அண்டா வெந்நீர் காய்ச்சி வைத்திருப்பாள். மாவும் மையும் தாடியும் போகத் தேய்த்துக் குளித்துவிட்டு, வேறு வேட்டி கட்டிக்கொண்ட பிறகுதான் என்னை வீட்டுக்குள் விடுவாள். 'வேடத்தைக் கலைத்தாயா?' என்று கேட்டுவிட்டுத்தான் சோறு போடுவாள். ஒருமுறை களைப்பில் அப்படியே படுத்துவிட்டேன். விடியற்காலையில் பக்கத்து வீட்டுக் குழந்தை என் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுதது. மேடையில் யூதாஸ் இருக்கலாம். கதைக்கு அவன் வேண்டும். திண்ணையில் யூதாஸ் இருக்கக்கூடாது."

சிறிது தூரம் நடந்தபின் சொன்னார்: "உன் நடிகர் கெட்டிக்காரர். படப்பிடிப்பு முடிந்ததும் அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். அடுத்த படத்தில் வேறு ஆளாக வருவார். கழுவாமல் வந்தவன் நீதான்."

மறுநாள் காலை என்னை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தந்தை, "சரி தம்பி, போய்ப் படி" என்றார். தம் மகளைப் படிக்க அனுப்பச் சம்மதிக்கவில்லை. தலைமையாசிரியை இருமுறை நேரில் வந்து பேசினார், பயனில்லை. அந்தப் பெண் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதவேயில்லை. அடுத்த ஆண்டு அவளுக்குத் திருமணம் நடந்தது.

என் தங்கை தேர்வு முடியும்வரை எங்கள் தெரு வழியாக வராமல், இரண்டு தெரு சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போய் வந்தாள். அந்த ஆண்டு முழுவதும் என்னை அவள் 'அண்ணே' என்று ஒருமுறைகூட அழைக்கவில்லை.

வாசகர்களே, இந்தக் குற்றத்தை நான் அந்த நடிகர்மீது சுமத்தவில்லை. படம் எடுத்தவர்கள்மீதும் சுமத்தவில்லை. அடிக்கோலைக் கையில் எடுத்தவன் நான். கைதட்டலுக்கு ஆசைப்பட்டவன் நான். நடிகர் ஓர் இருண்ட மனத்துக்குள் இறங்கி, அங்கே இருப்பதை நமக்குக் காட்டிவிட்டுத் திரும்பி வருகிறார். இறங்கும் திறமையை நாம் வியக்கிறோம். திரும்பி வரும் திறமையும் அதற்குச் சமமான கலை என்பதை நாம் கவனிப்பதில்லை. ரசிகனுக்கு அந்தப் பயிற்சி இல்லை. அவன் கூடவே இறங்கிவிட்டு, சில வேளைகளில் அங்கேயே நின்றுவிடுகிறான்.

பிற்காலத்தில் அந்தப் படத்தை எண்ணும்போதெல்லாம் அன்று எங்கள் கண்ணில் படாமற்போனவை ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. கமல்ஹாசனின் மாற்றத்தைப் பற்றி இரவு இரவாகப் பேசிய நாங்கள், அந்த வீட்டுக்குள் அகப்பட்டு அஞ்சி ஓடும் மனைவியாக நடித்த ஸ்ரீதேவியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அவர் 1963 ஆகஸ்டு மாதம் பிறந்தவர். படம் வந்தபோது அவருக்கு வயது பதினைந்து! என் தங்கையின் வயது. சேற்றில் விழுந்த அந்தப் பெண்ணின் வயது. கொலைகாரனின் பார்வை எவ்வளவு கொடியது என்று நமக்கு உணர்த்துவது, எதிரே நிற்கும் அந்தப் பெண்ணின் முகத்தில் படரும் அச்சந்தான். அந்த முகம் இல்லையேல் இந்த நடிப்பும் இல்லை. 2018-இல் ஸ்ரீதேவி மறைந்த செய்தி கேட்ட இரவு, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த முகமே.

இன்னொன்றும் உண்டு. '16 வயதினிலே' கதையிலும் சப்பாணி ஒரு கொலை செய்கிறான். தான் நேசிக்கும் மயிலைக் கெடுக்க வந்த பரட்டையைக் கல்லால் அடித்துக் கொன்று சிறைக்குப் போகிறான். இரண்டு படங்களின் முடிவிலும் நாயகன் சிறையில் இருக்கிறான்; இரண்டிலும் ஸ்ரீதேவி அவனுக்காகக் காத்திருக்கிறார். ஒன்றில் ஒரு பெண்ணைக் காக்க எழுந்த கை. மற்றொன்றில் பெண்களை அழிக்க எழுந்த கை. இரண்டையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் கண்ட நாங்கள், எந்தக் கையைத் தெருவுக்குக் கொண்டு வந்தோம் என்பதுதான் கேள்வி.

அதைவிட என்னை நாணச் செய்த செய்தி வேறொன்று. அதே 1978 அக்டோபர் இறுதியில், சில நாள் இடைவெளியில், கமல்ஹாசன் நடித்த இன்னொரு படமும் வெளிவந்தது. ருத்ரையா இயக்கிய 'அவள் அப்படித்தான்'. கறுப்பு வெள்ளைப் படம். அதில் அவர் பெண்களின் நிலையைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் இளைஞராக வருகிறார். பெண்களிடம் கேள்வி கேட்டு, அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க முயல்கிறார். ஸ்ரீபிரியா நடித்த மஞ்சு என்ற பெண்ணை ஊரார் ஏசும்போது, இவள் ஏன் இப்படி ஆனாள் என்று அறிய விரும்புகிறார். தமிழின் சிறந்த படங்களுள் ஒன்று என்று இன்று போற்றப்படும் அந்தப் படம், வெளிவந்த காலத்தில் ஓடவில்லை. ஓடாததற்கு எங்களைப் போன்றவர்களே காரணம். 'பெண்களே இப்படித்தான்' என்று பல்லைக் கடிக்கும் குரலுக்கு மூன்று முறை சீட்டு வாங்கினோம். 'அவள் அப்படித்தான், ஏன் என்று கேள்' என்ற குரலை ஒருமுறையும் போய்க் கேட்கவில்லை. ஒரே நடிகர் ஒரே நேரத்தில் இரண்டு முகங்களை நம் முன் வைத்தார். தேர்ந்தெடுத்தவர்கள் நாம்.

1998-இல் சென்னையில், கேலி செய்த இளைஞர்களின் செயலால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தார். அதன் பின்னர் அதே ஆண்டில் பெண்களைக் கேலி செய்வதைக் குற்றமாக்கித் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்தது. செய்தித்தாளில் அதைப் படித்த அன்று, எங்கள் தெருவில் உருண்டுபோன டிபன் டப்பாவின் ஓசை என் காதில் கேட்டது. சட்டம் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் விழுந்திருந்தாள். வழக்கும் இல்லை, தண்டனையும் இல்லை. தண்டனையை அவளே அனுபவித்தாள்.

காலம் என் தங்கையை என்னிடம் சிறிது சிறிதாகத் திருப்பித் தந்தது. 1994 பொங்கலுக்கு 'மகாநதி' வந்தபோது எனக்கும் ஐந்து வயதில் ஒரு மகள் இருந்தாள். குடும்பமாகப் போய்ப் பார்த்தோம். காணாமற்போன தம் மகளைக் கல்கத்தாவின் இருண்ட தெருவொன்றில் கண்டெடுக்கும் தந்தையாகக் கமல்ஹாசன் கதறும் காட்சியில், அரங்கமே உறைந்து கிடந்தது. வெளியே வந்ததும் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, இந்தத் தடவை அவர் எங்கள் பக்கம் நின்று நடித்துவிட்டார்" என்றாள். 'எங்கள் பக்கம்' என்று அவள் சொன்ன சொல்லில், பதினைந்து ஆண்டுக் கணக்கு முழுவதும் இருந்தது.

தம் ரசிகர் மன்றங்களை நற்பணி மன்றங்களாக மாற்றியவரும் அதே நடிகர்தான். என் நண்பர்கள் நால்வரில் இருவர் பின்னாளில் அந்த மன்றத்தின் வழியாக இரத்த தானம் செய்யப் போனார்கள். ரசிகனின் அன்பு ஓர் ஆற்றல். வாய்க்கால் வெட்டிவிட்டால் அது வயலுக்குப் பாயும், வெட்டாவிட்டால் தெருவில் சேறாகும். இதைச் சொல்லாமல் விட்டால் என் கதை நேர்மையானதாகாது.

அந்தப் பெண்ணை நான் மீண்டும் கண்டது 2004-இல், என் தங்கை மகளின் திருமணத்தில். நரை ஓடிய தலை, கையில் பேரக்குழந்தை. தங்கையின் தோழியாக வந்திருந்தார். திருப்பலி முடிந்து பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், துணிந்து அருகில் சென்று, "அம்மா, அன்று நான் செய்ததற்கு..." என்று தொடங்கினேன். மேலே பேச நா எழவில்லை.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "முழங்கால் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது, அண்ணே. கணக்கில் நான்தான் வகுப்பில் முதல். பரீட்சை மட்டும் எழுதியிருப்பேன்" என்றார். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. தம் மகள்கள் இருவரையும் பட்டப்படிப்பு வரை படிக்க வைத்ததாகச் சொல்லிவிட்டுப் பந்திக்கு எழுந்து போனார்.

இதையெல்லாம் கேட்ட பேரன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்படியென்றால் இந்த மாதிரிப் படங்களையே பார்க்கக்கூடாது என்கிறீர்களா, தாத்தா?" என்று கேட்டான்.

"இல்லையப்பா," என்றேன். "பார். நன்றாகப் பார். நடிகரின் திறமையை வியந்து பேசு. ஆனால் கத்தி பிடித்தவனின் முகத்தைப் பார்க்கும் நேரத்தில் பாதியையாவது, கத்திக்கு எதிரே நிற்பவளின் முகத்தைப் பார்ப்பதற்கும் கொடு. படம் முடிந்து எழுந்திருக்கும்போது உன்னை நீயே ஒரு கேள்வி கேட்டுக்கொள்: வேடத்தைக் கலைத்தாயா?"

அதற்குள் தங்கை ஒரு தட்டு முறுக்கோடு வந்து எங்கள் அருகில் உட்கார்ந்தாள். அந்தப் படத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை. "உன் கைபேசியில் அந்த இன்னொரு படம் இருக்குமா? அவள் அப்படித்தான்?" என்று பேரனைக் கேட்டாள். அவன் தேடி எடுத்தான். மூவருமாக அந்தச் சிறிய திரைமுன் குனிந்து உட்கார்ந்தோம். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தாமதித்து, நான் அந்தப் படத்துக்குச் சீட்டு வாங்கினேன்.

பெற்றோரே, நம் பிள்ளைகள் பார்ப்பதையெல்லாம் தடுக்க நம்மால் இயலாது. அந்தக் காலத்தில் சந்திப்பு வரை நடக்க வேண்டியிருந்தது. இன்று அவர்களுடைய உள்ளங்கையிலேயே எல்லாம் இருக்கிறது. ஆனால் கொல்லைப்புறத்தில் வெந்நீர் காய்ச்சி வைக்க நம்மால் இயலும். அவர்கள் எதை வியந்தார்கள் என்று கேட்டு, பொறுமையாகக் கேட்டு, நாமும் வியந்து, பிறகு அந்தக் கதையில் அழுதவர் யார் என்று மெல்ல வினவுவோம். என் பாட்டி செய்ததும் அவ்வளவே. சோறு போடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.